பொதியில் வந்த விலை: ஆஸ்திரேலிய மிதிவண்டிக் கடைகளும் கடல்கடந்த இணைய வணிகமும்

ஆஸ்திரேலிய டாலரின் மதிப்பைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்று அந்நாட்டு அரசு 1983 டிசம்பரில் முடிவெடுத்த பின், அந்த நாணயம் அமெரிக்க டாலருக்கு நிகரான மதிப்பை முதன்முதலாக எட்டியது 2010 அக்டோபரில்தான். அடுத்த ஆண்டு ஜூலையில் அது 1.10 அமெரிக்க டாலர் வரை ஏறியது. அதே ஜூலையில் கேடல் எவன்ஸ் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்ற முதல் ஆஸ்திரேலியரானார். மெல்பேர்னின் பீச் ரோடு கடற்கரைச் சாலையிலும் சிட்னியின் சென்டெனியல் பூங்காவிலும் விடியற்காலையில் கூட்டமாகப் பந்தயச் சைக்கிள் மிதிப்போர் அதற்கு முன்பே பெருகியிருந்தனர். உடல்நலத்துக்கும் நட்புக்கும் சைக்கிளை நாடிய, கையில் பணமுள்ள நடுவயதினர் அவர்களில் கணிசமானோர். அவர்களுடைய டயர்களும் கியர்களும் காலணிகளும் அந்த ஆண்டுகளில் பெருமளவுக்குப் பிரிட்டனிலிருந்து அஞ்சலில் வந்தன. உள்ளூர்க் கடை விலையில் மூன்றில் ஒரு பங்கு குறைவாக, சில வேளைகளில் அதற்கும் குறைவாக, பதினாறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஒரு பொருள் வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்தது எப்படி என்ற கேள்விக்கு அன்று பொதுமேடையில் சொல்லப்பட்ட விடை ஒன்று, கணக்கு காட்டும் விடை வேறொன்று.

அந்தப் பொதிகள் புறப்பட்ட இடங்கள் இரண்டுமே தொடக்கத்தில் சாதாரணச் சைக்கிள் கடைகள்தாம். வட அயர்லாந்தின் பேலினூர் என்னும் சிற்றூரில் வாட்சன் தம்பதியர் 1984இல் தொடங்கிய கடை, அஞ்சல்வழி விற்பனையில் வளர்ந்து, இணையத்துக்கு மாறி, செயின் ரியாக்‌ஷன் சைக்கிள்ஸ் என்ற பெயரில் உலகின் மிகப்பெரிய இணையச் சைக்கிள் கடை என்று சொல்லிக்கொள்ளும் நிலைக்கு வந்தது. தென் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் துறைமுக நகரில் பட்லர்ஸ் சைக்கிள்ஸ் என்ற கடையிலிருந்து 1999இல் பிறந்தது விகிள். அதை 2011 டிசம்பரில் பிரிட்ஜ்பாயிண்ட் என்னும் முதலீட்டு நிறுவனம் வாங்கியது. இரண்டுக்கும் ஆஸ்திரேலியா முக்கிய வெளிநாட்டுச் சந்தை. மொழித் தடை இல்லை. பிரிட்டனில் குளிர்காலம் வந்து விற்பனை மந்தமாகும்போது ஆஸ்திரேலியாவில் கோடை தொடங்குகிறது. போன பருவத்தின் மிச்சச் சரக்கைத் தள்ளுபடி விலையில் தெற்கே தள்ளிவிடலாம்.

விலை வேறுபாட்டின் முதற்கூறு வரி. பிரிட்டனில் விற்கப்படும் பொருளின் அட்டை விலையில் மதிப்புக் கூட்டு வரி அடங்கியிருக்கிறது. 2011 ஜனவரி முதல் அது 20 சதவிகிதம். ஏற்றுமதியாகும் பொருளுக்கு அந்த வரி இல்லை. ஆகவே உள்ளூரில் 120 பவுண்டுக்கு விற்கும் ஒரு பொருளை மெல்பேர்ன்காரருக்கு 100 பவுண்டுக்கு விற்றாலும் கடைக்கு வரவு அதேதான். மறுகரையில், ஆஸ்திரேலியா 2000 ஜூலையில் 10 சதவிகித ஜிஎஸ்டியை, அதாவது சரக்கு, சேவை வரியைக் கொண்டுவந்திருந்தது. ஆனால் 1000 டாலருக்கு உட்பட்ட மதிப்புடைய இறக்குமதிப் பொதிகளுக்கு ஜிஎஸ்டியும் இல்லை, சுங்கத் தீர்வையும் இல்லை. குறைந்த மதிப்பு வரம்பு எனப்பட்ட இந்த ஏற்பாடு, ஒவ்வொரு சிறு பொட்டலத்தையும் பிரித்து வரி கணக்கிடும் செலவு கிடைக்கும் வரியைவிட அதிகம் என்ற நடைமுறைக் காரணத்துக்காக இருந்தது. விளைவாக, பிரிட்டிஷ் வரியும் கட்டாமல் ஆஸ்திரேலிய வரியும் கட்டாமல் ஒரு பொருள் இரு நாட்டு எல்லைகளையும் கடந்தது. ஆயிரத்தைத் தாண்டும் சரக்கை இரண்டு மூன்று பொதிகளாகப் பிரித்து வாங்கும் பழக்கமும் இயல்பாகவே வந்தது. இதே காலத்தில் பிரிட்டன் தன் எல்லையில் வைத்திருந்த வரம்பு வெறும் 18 பவுண்டு. 2011 நவம்பரில் அதையும் 15 ஆகக் குறைத்தது. வரியின்றி வெளியே அனுப்புவதில் அதற்குத் தயக்கமில்லை, உள்ளே விடுவதில்தான் கறார்.

இந்த வரிவிலக்கே உள்ளூர்க் கடைகளின் கழுத்தை நெரிக்கிறது என்பதுதான் சில்லறை வணிகர்களின் வாதமாக இருந்தது. 2011 ஜனவரித் தொடக்கத்தில் ஜெரி ஹார்வி உள்ளிட்ட பெருவணிகர்கள் செய்தித்தாள்களில் விளம்பரம் கொடுத்து, 1000 டாலருக்குக் கீழ்ப்பட்ட இறக்குமதிக்கும் ஜிஎஸ்டி விதிக்கக் கோரினர். மக்களின் எதிர்வினை கடுமையாக இருந்தது; பெரும் செல்வந்தர்கள் சாமானியனின் சிறு சிக்கனத்துக்கு வரி கேட்கிறார்கள் என்ற கோபத்தில் ஹார்வி சில நாட்களிலேயே அந்தப் பிரசாரத்திலிருந்து விலக நேர்ந்தது. அரசு ஏற்கெனவே இந்த விவகாரத்தை உற்பத்தித்திறன் ஆணையத்திடம் ஒப்படைக்க முன்வந்திருந்தது. பொருளாதாரக் கொள்கைகளை ஆராய்ந்து அரசுக்குப் பரிந்துரைக்கும் சுயேச்சையான அமைப்பு அது. 2011 இறுதியில் வெளிவந்த அதன் அறிக்கை, ஆஸ்திரேலியச் சில்லறை விற்பனையில் இணையத்தின் பங்கு சுமார் 6 சதவிகிதம் என்றும், மொத்த விற்பனையில் வெளிநாட்டு இணையக் கடைகளுக்குப் போவது 2 சதவிகிதம் மட்டுமே என்றும் மதிப்பிட்டது. வரம்பைக் குறைப்பது கொள்கையளவில் நியாயமே. ஆனால் அன்றிருந்த நடைமுறையில் வரம்பை முற்றிலும் நீக்கினால் அரசுக்கு ஏறத்தாழ 60 கோடி டாலர் வரும், அதை வசூலிக்க வணிகரும் நுகர்வோரும் ஏற்கவேண்டிய செலவோ 200 கோடிக்கும் மேல் என்பது ஆணையத்தின் கணக்கு. விலை வேறுபாட்டுக்கு ஜிஎஸ்டி முதன்மைக் காரணமல்ல என்பதையும், பன்னாட்டு உற்பத்தியாளர்கள் ஒரே பொருளுக்கு நாட்டுக்கு நாடு வேறு விலை வைப்பது முக்கியக் காரணம் என்பதையும் அது சுட்டியது.

நாணய மாற்றின் விளைவை ஒரு சிறு கணக்கில் பார்க்கலாம். வரி நீங்கலாக 100 பவுண்டு விலையுள்ள ஒரு சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். உலக நிதி நெருக்கடியின் உச்சத்தில், 2009இன் தொடக்கத்தில், ஓர் ஆஸ்திரேலிய டாலருக்கு ஏறக்குறைய 45 பென்ஸ்தான் கிடைத்தது. அந்தச் சக்கரம் சுமார் 222 டாலர். 2012இல் டாலர் 65 பென்ஸ் அளவில் நின்றபோது அதே சக்கரம் 154 டாலர். பிரிட்டிஷ் கடை ஒரு பென்ஸ்கூடக் குறைக்காமலே சிட்னி வாடிக்கையாளருக்கு 68 டாலர் மிச்சம். 2015 செப்டம்பர் வாக்கில் டாலர் மீண்டும் 46 பென்ஸ் அளவுக்கு இறங்கியபோது விலை 217 ஆனது. மறு ஆண்டு ஜூனில் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறப் பிரிட்டன் வாக்களித்துப் பவுண்டு சரிந்ததும் அது 175க்குத் திரும்பியது. 2012இன் 154 டாலர் மீது ஜிஎஸ்டி விதித்திருந்தால் கூடியிருப்பது 15 டாலர். வணிகர்கள் கேட்ட பாதுகாப்பைப்போல் நான்கு மடங்கை நாணயச் சந்தை தானாகவே கொடுத்தது, பிறகு தானாகவே பெருமளவு பறித்தும் கொண்டது.

ஆனால் நாணயமும் உள்ளூர்க் கடையின் விலையை விளக்கப் போதாது, ஏனெனில் டாலர் வலுத்தபோது அந்தக் கடைக்கும் இறக்குமதி மலிந்திருக்க வேண்டும். அது ஏன் முழுதாக நடக்கவில்லை என்பதில்தான் இந்தத் தொழிலின் அமைப்பு வெளிப்படுகிறது. ஜப்பானின் சாகாய் நகரில் 1921இல் தொடங்கப்பட்ட ஷிமானோவோ, இத்தாலியின் காம்பக்னோலோவோ, சிகாகோவைச் சேர்ந்த ஸ்ராமோ, ஜெர்மனியின் கான்டினென்டல் டயரோ, எதுவானாலும் பொதுவாக ஒரு நாட்டில் ஒரு துணை நிறுவனத்துக்கோ ஒன்றிரண்டு விநியோகஸ்தருக்கோதான் விற்பனை உரிமை தரப்படும். அந்த விநியோகஸ்தர் சரக்கை மொத்தமாக இறக்கி, கிடங்கில் வைத்து, கடைகளுக்குக் கடன் கொடுத்து, பழுதான பொருளை மாற்றித் தந்து, கடை ஊழியர்களுக்குப் பயிற்சியும் அளிக்கிறார். இவற்றின் செலவும் அவருடைய இலாபமும் மொத்த விலையில் ஏறுகின்றன. அதன்மேல் கடை தன் வாடகையையும் சம்பளத்தையும் ஏற்றுகிறது. 2011 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 15.51 டாலர், அன்றைய மாற்று விகிதத்தில் ஏறக்குறைய 10 பவுண்டு. அதே ஆண்டு அக்டோபரில் பிரிட்டனில் அது 6.08 பவுண்டு.

பிரிட்டிஷ் இணையக் கடைகளுக்கோ இன்னொரு வழி திறந்திருந்தது. மிதிவண்டி உற்பத்தியாளர்கள் தொழிற்சாலையில் பொருத்துவதற்காக வாங்கும் உதிரிபாகங்கள், அட்டைப்பெட்டி அலங்காரமின்றி, சில்லறைக்கான மொத்த விலையைவிடக் கணிசமாகக் குறைந்த விலையில் கைமாறுகின்றன. பெரிய அளவில் கொள்முதல் செய்த கடைகள், தங்கள் சொந்த முத்திரை வண்டிகளை உற்பத்தி செய்யும் நிலையிலும் இருந்ததால், அந்த விலைக்கு நெருங்கிய விலையைப் பேசிப் பெற முடிந்தது. செயின் ரியாக்‌ஷனின் வைட்டஸ், நியூக்ப்ரூஃப் வண்டிகளும் விகிளின் டிஎச்பி ஆடைகளும் இத்தகைய முத்திரைகளே. குரூப்செட், அதாவது பிரேக், கியர், செயின், பற்சக்கரம் அனைத்தும் சேர்ந்த தொகுதி, வட அயர்லாந்தில் சில்லறையாக விற்கப்பட்ட விலை தாங்கள் விநியோகஸ்தரிடம் கொடுக்கும் மொத்த விலையைவிடக் குறைவு என்பதே மெல்பேர்ன், சிட்னிக் கடைக்காரர்கள் அந்த ஆண்டுகளில் ஓயாமல் சொன்ன குறை. அவர்கள் இணையத்தில் ஒரு வாடிக்கையாளராக வாங்கித் தங்கள் அலமாரியில் வைத்திருந்தாலே இலாபம் கூடியிருக்கும். போட்டி இரு கடைகளுக்கு இடையில் நடப்பதாகத் தோன்றினாலும், உண்மையில் மோதிக்கொண்டவை ஒரே உற்பத்தியாளரின் இரு விலைப்பட்டியல்கள். நாட்டெல்லைகளைக் கொண்டு பிரித்து வைத்திருந்த விலைகளை அஞ்சல் பொதி ஒன்று சேர்த்துவிட்டது.

உற்பத்தியாளர்கள் இதை விரும்பவில்லை என்பதற்கு அவர்களே போட்ட வேலிகள் சான்று. பயனர் ஒருவர் தன் சொந்த உபயோகத்துக்கு அசல் பொருளை வெளிநாட்டிலிருந்து தருவிப்பதைத் தடுக்கச் சட்டத்தில் வழியில்லை. ஆகவே ஒப்பந்தத்தின் மூலம் கடையைக் கட்டினர். சில முத்திரைகளின் பொருட்களைத் தேர்ந்தெடுத்தால், இந்தப் பொருளை உங்கள் நாட்டுக்கு அனுப்ப இயலாது என்ற அறிவிப்பு திரையில் தோன்றும். டிரெக், ஸ்பெஷலைஸ்டு, ஜயன்ட் போன்ற பெரிய நிறுவனங்களின் வண்டிகள் தொடக்கத்திலிருந்தே இந்த அஞ்சல் வணிகத்துக்கு வெளியே இருந்தன. அதனால்தான் முழு வண்டியை உள்ளூரில் வாங்கி, அதன்பின் தேயும் ஒவ்வொரு பாகத்தையும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் வழக்கம் உருவானது. கடைகளுக்கு இது பெரிய அடி, ஏனெனில் புது வண்டியின் விற்பனையில் இலாப விழுக்காடு குறைவு. டயர், காலணி, ஆடை, விளக்கு ஆகியவற்றில்தான் அது தாராளம்.

ஆஸ்திரேலியச் சைக்கிள் கடை எப்போதும் இப்படிப் பிறர் செய்ததை விற்கும் இடமாக இருந்ததில்லை. மெல்பேர்னின் மால்வர்ன் பகுதியில் டாம் ஃபின்னிகன் என்னும் பந்தய வீரர் தம் பரிசுப் பணத்தைக் கொண்டு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவிய கடை தன் வண்டிகளைத் தானே செய்தது. 1920இல் அதை வாங்கிய புரூஸ் ஸ்மால், 1931இல் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் நெடும்பந்தயத்தை வென்ற ஹியூபர்ட் ஆப்பர்மனின் புகழோடு சேர்த்து மால்வர்ன் ஸ்டார் என்ற பெயரை நாடெங்கும் கொண்டுசென்றார். உற்பத்தி ஆசியாவுக்குப் போனபின் கடையிடம் எஞ்சியது கைவேலை. அந்தக் கைவேலைக்குரிய கூலியைக் கடைகள் நீண்டகாலம் வெளிப்படையாகக் கேட்கவில்லை. பாகத்தின் விலையில் அதை மறைத்து வைத்தன. டியூப் வாங்கினால் மாட்டித் தருவதும், வண்டி வாங்கினால் முதல் சரிபார்ப்பு இலவசம் என்பதும், எந்த அளவு காலணி பொருந்தும் என்று அரை மணிநேரம் நின்று பார்ப்பதும் அந்த மறைவான கூலியின் வடிவங்கள். பாகத்தின் உலக விலை வாடிக்கையாளரின் கைபேசியில் தெரியத் தொடங்கியதும் அந்த ஏற்பாடு குலைந்தது. காலணியைக் கடையில் அணிந்து பார்த்து, அளவைக் குறித்துக்கொண்டு, வெளியே போய் இணையத்தில் வாங்குவோரைப் பற்றிய புலம்பல் எல்லாத் துறைக் கடைகளிலும் கேட்டது. 2013இல் பிரிஸ்பேனில் ஓர் உணவுப்பொருள் கடை, பார்த்துவிட்டு எதுவும் வாங்காமல் போவோரிடம் 5 டாலர் கேட்டு அறிவிப்புப் பலகை வைத்து உலகச் செய்தியானது. அந்தக் கோபம் நியாயமானதாக இருக்கலாம்; வணிக உத்தியாக அது தோற்றதில் வியப்பில்லை.

கைவேலையின் மதிப்பு தெரியவரும் இடம் பட்டறை மேசை. வண்டியின் பின்கியரைச் சட்டகத்தோடு இணைப்பது கட்டைவிரல் நீளமுள்ள ஓர் அலுமினியத் துண்டு. வண்டி வலப்புறம் விழுந்தால், விலையுயர்ந்த சட்டகம் உடையாமல் தான் வளைந்தோ முறிந்தோ போவதற்கென்றே அது மென்மையாகச் செய்யப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு நிறுவனமும், ஒரே நிறுவனத்தின் ஒவ்வோர் ஆண்டு வண்டியும் வேறு வேறு வடிவத் துண்டைப் பயன்படுத்துவதால், நூற்றுக்கணக்கான வகைகளை எந்தக் கடையும் இருப்பில் வைக்க முடியாது. இணையக் கடையில் படத்தைப் பார்த்து வாங்குகிறவரோ இரண்டு மில்லிமீட்டர் வேறுபாட்டில் தவறான துண்டுக்கு இரண்டு வாரம் காத்திருப்பார். வளைந்ததை அளவுகோல் கருவி பொருத்தி, சக்கரத்தின் விளிம்பைச் சுற்றி நான்கு இடங்களில் தூரம் பார்த்து நிமிர்த்துவது பட்டறைக்காரருக்குப் பத்து நிமிட வேலை. அதைவிடச் சிக்கலானது மிதிகட்டையின் அச்சைத் தாங்கும் பேரிங் தொகுதி. பழைய முறையில் அது திருகுமரையுள்ளது. பிஎஸ்ஏ என்றே அழைக்கப்படும் அந்த மரை அளவு, தமிழ்நாட்டு வாசகருக்கு அம்பத்தூர் டிஐ சைக்கிள்ஸின் பிஎஸ்ஏ எஸ்எல்ஆர் வண்டியால் அறிமுகமான அதே பர்மிங்ஹாம் நிறுவனத்தின் பெயரைத் தாங்கியது. அதில் வலப்பக்கக் கிண்ணம் எதிர்மரை கொண்டது. அதை அறியாமல் வழக்கமான திசையில் கழற்ற முயல்பவர் மேலும் இறுக்கிக்கொண்டே போவார். இத்தாலிய மரைக்கு விட்டம் வேறு. கார்பன் சட்டகங்களில் மரையே இல்லாமல் அழுத்திப் பொருத்தும் முறைகள் அரை டஜனுக்கும் மேல். இணையத்தில் மிச்சம்பிடித்த 40 டாலர், தவறான அளவு வந்து சேர்ந்த அன்றே கரைந்துபோகும். அந்த வண்டி பெரும்பாலும் அதே உள்ளூர்க் கடையின் பட்டறைக்குத்தான் வரும்.

இந்த நிலைக்குக் கடைகள் கண்ட விடை கூலியைப் பிரித்துச் சொல்வது. முழுப் பராமரிப்பு, சக்கரம் நேர்செய்தல், எண்ணெய் பிரேக்கில் காற்று நீக்கல் என்று ஒவ்வொன்றுக்கும் விலைப்பட்டியல் சுவரில் ஏறியது. வாடிக்கையாளர் கொண்டுவரும் பாகத்தைப் பொருத்த மாட்டோம் என்று சில கடைகளும், பொருத்துவோம் ஆனால் பாகத்துக்குப் பொறுப்பில்லை என்று மற்றவையும் எழுதி வைத்தன. சட்டப்படியும் அந்தப் பிரிவினை பொருந்துவதே. 2011 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம், பொருளின் தரத்துக்கு விற்றவரைப் பொறுப்பாக்குகிறது. வேலையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்வதற்குச் சேவை அளித்தவரைப் பொறுப்பாக்குகிறது. வெளிநாட்டு விற்பனையாளரும் இதற்குக் கட்டுப்பட்டவரே என்பதைக் கணினி விளையாட்டுகளை விற்கும் வால்வ் என்ற அமெரிக்க நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் கூட்டாட்சி நீதிமன்றம் உறுதிசெய்து, 2016 டிசம்பரில் 30 இலட்சம் டாலர் அபராதமும் விதித்தது. ஆனால் ஒழுங்குமுறை ஆணையம் தொடுக்கும் வழக்கு வேறு. விரிசல் விட்ட ஒரு கைப்பிடிக்காக வட அயர்லாந்தோடு மின்னஞ்சலில் மல்லுக்கட்டும் தனிமனிதனின் நிலை வேறு. உள்ளூர் விநியோகஸ்தரிடம் போனால், எங்கள் வழியாக வராத சரக்குக்கு உத்தரவாதம் இல்லை என்பார். அவரளவில் அதுவும் சரியே.

பொதியால் கடக்க முடியாத வேலிகளும் உண்டு. அவற்றில் முக்கியமானது தலைக்கவசம். மிதிவண்டி ஓட்டுவோர் தலைக்கவசம் அணிவதை உலகிலேயே முதலில் கட்டாயமாக்கியது விக்டோரியா மாநிலம், 1990 ஜூலையில். நியூ சவுத் வேல்ஸ் மறு ஆண்டு பின்தொடர்ந்தது. அணிந்தால் மட்டும் போதாது, அது அங்கீகரிக்கப்பட்ட கவசமாக இருக்கவேண்டும். நீண்டகாலமாக அதன் அடையாளம், உட்புறத்தில் ஒட்டப்பட்டிருக்கும் ஏஎஸ்/என்இசட்எஸ் 2063 என்ற எண்ணுள்ள சிறு வில்லை. ஒரே நிறுவனத்தின் ஒரே மாதிரிக் கவசம், ஐரோப்பியச் சோதனை முத்திரையோடு பிரிட்டனில் பாதி விலைக்குக் கிடைத்தாலும், அந்த வில்லை இல்லையென்றால் சிட்னித் தெருவில் அதை அணிந்தவர் சட்டத்தின் கண்ணில் வெறுந்தலையர். 2016 மார்ச்சில் அதற்கான அபராதம் 71 டாலரிலிருந்து 319 டாலராக ஏற்றப்பட்டது. இறக்குமதியாளர்களுக்கு இந்த வில்லை மறைமுகமான காப்புவரியாகவே பயன்பட்டது. நுகர்பொருள் பாதுகாப்பு விதி 2024இல் திருத்தப்பட்டு ஐரோப்பிய, அமெரிக்கச் சோதனைகளும் ஏற்கப்பட்டபோது, அந்த வேலி பெருமளவு தாழ்ந்தது. முழு வண்டியிலோ தடை கைப்பிடியிலேயே இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் முன்பிரேக் வலக்கையில், பிரிட்டனிலும் அப்படியே. ஜெர்மன் வண்டியில் அது இடக்கையில். எண்ணெய்க் குழாய்களை இடம் மாற்றிக் காற்று நீக்குவதற்குப் பட்டறைக் கூலி கொடுக்கும்போது கோப்லென்ஸிலிருந்தோ பான் நகரிலிருந்தோ வந்த மலிவில் ஒரு பகுதி போய்விடும். இந்தியாவில் வேலி இதைவிட உயரம்: மிதிவண்டி இறக்குமதித் தீர்வை 2023இல் 30 சதவிகிதத்திலிருந்து 35 ஆக்கப்பட்டது, சென்னையின் பந்தயச் சைக்கிள் ஆர்வலருக்கு விடுமுறைக்கு வரும் சிட்னி உறவினரின் பயணப்பெட்டி நம்பகமான வழியாக இருப்பதற்கு அதுவே காரணம்.

வணிகர்கள் கோரிய வரி கடைசியில் 2018 ஜூலை முதல் நாளில் வந்தது. அரசு எல்லையில் பொதியைப் பிரிக்கவில்லை. ஆஸ்திரேலியாவுக்கு ஆண்டுக்கு 75,000 டாலருக்கு மேல் விற்கும் வெளிநாட்டு நிறுவனங்களே பதிவுசெய்து, விற்கும்போதே ஜிஎஸ்டியை வசூலித்துக் கட்டவேண்டும் என்று பொறுப்பை மாற்றியது. அமேசான் சினந்து தன் அமெரிக்கத் தளத்தை ஆஸ்திரேலியர்களுக்கு மூடியது. நவம்பரிலேயே திறந்தும் விட்டது. மூன்று ஆண்டுகளில் 30 கோடி டாலர் கிடைக்கும் என்று அரசு மதிப்பிட்டிருக்க, முதல் காலாண்டிலேயே சுமார் 8 கோடி வந்தது. சைக்கிள் கடைகளின் நிலை இதனால் மாறியதா என்றால், இல்லை என்றே சொல்லவேண்டும். முப்பது சதவிகித இடைவெளியில் பத்து அடைபட்டது, அவ்வளவே.

பிரிட்டிஷ் பெருங்கடைகளின் வீழ்ச்சிக்கும் அந்த வரிக்கும் தொடர்பில்லை. விகிளும் செயின் ரியாக்‌ஷனும் 2016இல் ஒன்றாயின. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒற்றைச் சந்தையிலிருந்து 2021 தொடக்கத்தில் பிரிட்டன் வெளியேறியதும், ஆசியாவில் செய்த பொருளைப் பிரிட்டனில் இறக்கி ஐரோப்பாவுக்கு விற்பது சுங்கச் சிக்கலானது. அந்த ஆண்டு டிசம்பரில் அவற்றை வாங்கிய சிக்னா ஸ்போர்ட்ஸ் யுனைடெட், கோவிட் காலத்துச் சைக்கிள் மோகம் நீடிக்கும் என்று நம்பிய பலரில் ஒன்று. முடக்கக் காலத்தில் கடைகளில் வண்டி கிடைக்காமல் மக்கள் காத்திருந்தது உண்மை. தாமதமாக வந்து சேர்ந்த அத்தனை சரக்கும் தேவை அடங்கியபின் கிடங்குகளில் குவிந்ததும் உண்மை. ஆஸ்திரியத் தாய் நிறுவனமான சிக்னா ஹோல்டிங் தருவதாக ஒப்பியிருந்த 15 கோடி யூரோவை 2023 அக்டோபரில் நிறுத்திக்கொண்டதும் விகிள்–செயின் ரியாக்‌ஷன் திவால் நிர்வாகத்துக்குள் சென்றது. தாய் நிறுவனமே அடுத்த மாதம் நொடித்தது. மறு ஆண்டு தொடக்கத்தில் ஃபிரேசர்ஸ் குழுமம் பெயர்களையும் முத்திரைகளையும் வாங்கியது. அக்கடையில் வாங்கிய சட்டகத்துக்கு ஆண்டுக்கணக்கில் உத்தரவாதம் இருப்பதாக நம்பியிருந்த ஆஸ்திரேலியருக்கு, உத்தரவாதம் கொடுத்த சட்ட நபரே இல்லாமல் போனார்.

உள்ளூர் என்பதாலேயே எவரும் தப்பிவிடவில்லை. மெல்பேர்னில் 2007இல் தொடங்கி, கடைகளின் சரக்கை ஒரே தளத்தில் காட்டும் இணையச் சந்தையாக வளர்ந்து, 2021இல் பங்குச்சந்தைக்கு வந்த பைக் எக்ஸ்சேஞ்ச் 2023இல் நிர்வாகத்துக்குள் போனது. மறுபுறம், அதே 2007இல் பிரிஸ்பேனில் பிறந்த 99 பைக்ஸ், விநியோகஸ்தர் நிறுவனம் ஒன்றையும் தன் குழுமத்துக்குள் வைத்துக்கொண்டு, அதாவது இடைத்தட்டு ஒன்றை நீக்கி, நாடு முழுவதும் கிளை பரப்பியது. சிட்னியின் பைசிக்கிள்ஸ் ஆன்லைன் இந்தோனேசியாவின் பாலிகான் வண்டிகளைக் கடையின்றி நேரே வீட்டுக்கு அனுப்புகிறது. டிரெக்கும் ஸ்பெஷலைஸ்டும் சுயேச்சையான கடைகளைத் தாங்களே வாங்கி நடத்தத் தொடங்கின. மூன்றுமே ஒரே பாடத்தை வேறு வேறு வழியில் படித்தவை: உற்பத்தியாளருக்கும் வாடிக்கையாளருக்கும் இடையில் இரண்டு இலாபம் நிற்க இனி இடமில்லை. சிறு கடைகளில் நிலைத்தவை பெரும்பாலும் பட்டறையை முன்னால் நகர்த்தி விற்பனையைப் பின்னால் தள்ளியவை.

அவற்றுக்கு இப்போது எதிர்பாராத துணையாக வந்திருப்பது மின்மிதிவண்டி. அதன் லித்தியம் மின்கலம் பொதுவாக 400 முதல் 750 வாட்மணி கொள்ளளவு உடையது. பயணி விமானத்தில் ஒருவர் உடன் கொண்டுசெல்ல அனுமதிக்கப்படும் உச்சவரம்பு 160. அபாயச் சரக்குக்குரிய பொதிகட்டும் ஆவணமும் இல்லாமல் அதை டயரைப் போல அஞ்சலில் போட முடியாது. தரமற்ற மின்கலங்களால் வீடுகளில் தீப்பிடித்த நிகழ்வுகளுக்குப் பின், நியூ சவுத் வேல்ஸ் 2025 பிப்ரவரி முதல் இவ்வண்டிகளையும் மின்கலங்களையும் கட்டாய மின்பாதுகாப்புத் தரநிலைகளுக்குள் கொண்டுவந்தது. இருபத்தைந்து கிலோ எடையுள்ள, மென்பொருளைப் புதுப்பிக்கக் கடையின் கணினியை எதிர்பார்க்கும் ஒரு வண்டியைப் பெட்டியில் கட்டித் திருப்பி அனுப்புவதைப் பற்றி எந்த வாங்குபவரும் நினைப்பதில்லை. செயினும் டயரும் ஆடையும் இன்றும் ஜெர்மனியின் டிரெஸ்டனிலிருந்தும் பான் பகுதியிலிருந்தும் ஜிஎஸ்டி சேர்த்தே மலிவாக வருகின்றன. அவற்றைத் திரும்ப எடுத்துக்கொள்ள சிட்னி, மெல்பேர்னின் பல கடைகள் இப்போது முயல்வதுகூட இல்லை.